ஆளுக்கு முப்பது மரம்

பல்கலைக்கழக அலுவலகக் கவுண்டரில் கிளார்க்காக உட்கார்ந்திருந்த காலத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: ‘மெடிக்கல் மாத்தயா’. மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா; பிள்ளைகள் வைத்தது. வரிசையில் நிற்கும்போதே ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு நன்றாகவே கேட்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பரீட்சைக்கு வர முடியவில்லையா, விரிவுரைக்கு வரவு குறைந்துவிட்டதா, ஒரு வருடம் படிப்பை நிறுத்திவைக்க வேண்டுமா, எந்தக் கஷ்டத்தோடு வந்தாலும் நான் கொடுத்த மருந்து ஒன்றுதான். "ஒரு மெடிக்கலப் போடுங்க" என்பேன். எந்த டாக்டரிடமாவது ஒரு சான்றிதழ்த் துண்டு வாங்கிவந்தால் போதும். முத்திரை குத்துவேன், பிள்ளை சிரித்துக்கொண்டே போகும், அடுத்த பிள்ளை குனியும்.

குனியும் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. அந்தக் கண்ணாடியில் இருந்த ஓட்டை வயிற்று உயரத்தில் இருந்தது. எந்தப் பிள்ளையும் எங்களிடம் பேச வேண்டுமென்றால் பாதி உடம்பை மடிக்க வேண்டும். இருபது வருடமாக அதை நான் கவனிக்கவே இல்லை. இப்போது அந்தக் கவுண்டரில் இருக்கும் நீங்கள் வந்த புதிதிலேயே அதைக் கவனித்து உயர்த்தச் சொல்லிக் கேட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

படிவங்களைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. எல்லாம் கணினிக்குப் போய்விட்டது, எனக்கு அது கைவராது. நான் சொல்ல வந்தது ரேணுகா என்ற பிள்ளையைப் பற்றி. என் வேலைக்காலத்தில் நான் செய்த மிகப் பெரிய பிழையும், இந்தக் கண்ணால் பார்த்த மிகப் பெரிய காரியமும் அந்த ஒரே பிள்ளையின் கோப்பில் இருக்கின்றன.

ரேணுகா கஹவத்தைக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. மூன்று வருடப் பட்டப்படிப்பில் ஒரு வருடம் முடித்து, இரண்டாம் வருடம் தொடங்கி ஐந்தாறு கிழமை ஆகியிருந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் கவுண்டருக்கு வந்து குனிந்தாள்.

"சேர், ஒரு வருசம் லீவு எடுக்கணுங்க."

"என்னா காரணம்?"

"அம்மா பால் வாளியோட வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு ஒடஞ்சுருச்சு. இனிமே மலை ஏற ஏலாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அதுக்கு நீங்க ஏம்மா படிப்ப நிப்பாட்டணும்?"

"வீட்டுல ஒரு ஆளாவது பெரட்டுக்குப் போவணுங்க சேர். இல்லாட்டி காம்பராவ விடச் சொல்லிருவாங்க. அப்பா இல்ல. தம்பி எட்டாம் வகுப்புப் படிக்கிறான். நான்தான் பேர் பதியணும்."

உங்களில் தோட்டத்துக்கு வெளியே பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தத் தோட்டத்தில் லயத்துக் காம்பரா என்பது வேலையோடு ஒட்டிய வீடு. வீட்டிலிருந்து ஒருவர் காலைப் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். போக ஆளில்லை என்றால் அந்த ஒற்றை அறையும் இல்லை. இதை ரேணுகா எனக்கு விளக்கத் தேவையே இருக்கவில்லை. நானும் ருவான்வெல்லைப் பக்கத்து லயம் ஒன்றில் பிறந்தவன்தான். என் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்தான்.

அதனால்தான் அவள் மேல் எனக்கு அவ்வளவு இரக்கம் வந்தது. இரக்கம் வந்தால் எனக்கு வாய் முந்திவிடும்.

"இங்க பாருங்க, அம்மா விழுந்த கதைய எழுதினா அது பீடச் சபைக்குப் போவும். அத்தாட்சி கேப்பாங்க, தோட்டத்துக் கடிதம் கேப்பாங்க, மூணு மாசம் இழுத்தடிப்பாங்க. அதுக்குள்ள ஒங்க வரவு போயிரும். ஒங்களுக்கே முதுகு சரியில்லன்னு ஒரு மெடிக்கலப் போட்டுருங்க. ஒரு கிழமையில கெடச்சிரும்."

"எனக்கு ஒண்ணுமில்லீங்களே சேர்."

"ஒண்ணுமில்லாட்டி இன்னும் லேசு" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றாள். பின்னால் நின்ற பிள்ளைகள் முணுமுணுக்கத் தொடங்கியதும் "ஹரி சேர்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று நாள் கழித்துத் துண்டோடு வந்தாள். முள்ளந்தண்டில் கோளாறு, ஒரு வருடம் முழு ஓய்வு, பாரம் தூக்கவே கூடாது. நான் முத்திரை குத்தினேன். அனுமதியும் கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை அந்தப் பிள்ளை பால்வெட்டுக் கத்தியும் இரண்டு வாளியுமாகப் பெரட்டில் நின்றிருக்கிறாள்.

ஒரு வருடத்தில் நான் அவளை மறந்தே போனேன். மறக்காமல் இருக்க முடியாது, நாளொன்றுக்கு எத்தனை முகம்! திரும்பி வந்தபோதும் முதலில் முகம் நினைவுக்கு வரவில்லை. ஓட்டை வழியாகக் கடிதங்களை நீட்டிய கையைத்தான் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது. அந்தக் கறை எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்பது எனக்குத் தெரியும்.

"வந்துட்டீங்களா! அம்மா எப்பிடி?"

"தடி ஊண்டி நடக்குறாங்க சேர். நான் படிப்ப முடிச்சிரணும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படிப்பை நிறுத்திவிட்டுப் போகிறவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்று கவுண்டரில் இருப்பவனுக்குத் தெரியும். பல கோப்புகள் போன இடத்திலேயே கிடக்கும். மேல் தட்டில் வைத்த கோப்பைத் தூசி தட்டி எடுக்கும்போது எனக்குக் கை பரபரத்தது. அவள் தந்த கடிதங்களை அப்படியே வாங்கிக் கோர்த்தேன். ஒன்று படிப்புக்குத் திரும்பும் விண்ணப்பம். இன்னொன்று விடுதி கேட்டு எழுதியது. அதோடு வீடு தூரம் என்பதற்குத் தோட்டத்து ஒபீஸ் கொடுத்த உறுதிக் கடிதமும் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கோர்த்து மேலே அனுப்பினேன். ஒன்றையும் வாசிக்கவில்லை.

மெடிக்கல் போட்டு ஒரு வருடம் போனவர்கள் திரும்பும்போது மருத்துவ சபைக்கு முன்னால் வர வேண்டும். சுகமா என்று கேட்பார்கள், சுகம் என்றால் கையெழுத்து. ஆளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பீடாதிபதி தலைவர், பல்கலைக்கழகத்து டாக்டரம்மா, இரண்டு விரிவுரையாளர்கள், கோப்பு தூக்க நான். அன்றும் தேநீர் வந்திருந்தது. மற்றவர்கள் கோப்பையை எடுக்க, டாக்டரம்மா மட்டும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் அப்படித்தான், எதையும் வாசிக்காமல் கையெழுத்து வைக்க மாட்டார். நீங்களும் அப்படி இருங்கள்.

புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றார். பிறகு உரக்க வாசித்தார். தோட்டத்து ஒபீஸில் இருக்கும் ஐயா எழுதிய அந்த உறுதிக் கடிதம். இந்தப் பிள்ளை சென்ற வருடம் முதல் எங்கள் தோட்டத்தில் பதிவு பெற்ற தொழிலாளி என்றும், வேலை இருந்த ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்றும், இருநூற்றெழுபது மரத்தையும் தனியே வெட்டிப் பாலைச் சுமந்துவந்து சேர்ப்பவர் என்றும், இவ்வளவு உழைக்கும் பிள்ளைக்கு விடுதி கொடுத்தால் புண்ணியம் என்றும் பாவம் மனுஷன் உருகி உருகி எழுதியிருந்தார். அதற்கு முந்திய பக்கத்தில், பாரம் தூக்கவே கூடாது என்ற என்னுடைய மெடிக்கல்.

அவரும் நல்ல மனதோடுதான் எழுதினார். நானும் நல்ல மனதோடுதான் சொன்னேன். இரண்டு நல்ல மனதும் சேர்ந்து அந்தப் பிள்ளையின் கழுத்தில் கயிறு மாட்டிவிட்டன.

இனி நடந்த பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில். ரேணுகாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"மகள், முதுகு இப்போ எப்பிடி?" என்று டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்.

ரேணுகாவுக்குப் புரிந்துவிட்டது. கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து சொன்னாள்: "ஒண்ணும் இல்லீங்க மெடம். அப்பவும் ஒண்ணும் இருக்கல. அம்மாவுக்குத்தான் இடுப்பு ஒடஞ்சிச்சு."

பீடாதிபதி கோப்பையை வைத்தார். "பொய்ச் சான்றிதழ் குடுத்தா பேரை வெட்டிருவோம். தெரியுமா?"

"தெரியுங்க சேர்."

"இத யார் செய்யச் சொன்னது?"

அந்த நேரம் என் நிலைமை உங்களுக்குப் புரிய வேண்டும். ஓய்வுக்கு நாலு வருடம் இருந்தது. பிரதம கிளார்க் பதவிக்கு நேர்முகம் முடித்து முடிவுக்குக் காத்திருந்தேன். பிள்ளை பொய் சொன்னாள் என்றால் பிள்ளையின் பிழை; கந்தோரில் இருக்கும் கிளார்க்கே சொல்லிக்கொடுத்தான் என்றால் அதன் பெயர் வேறு.

ரேணுகா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லலீங்க சேர். நானாத்தான் எடுத்தேன்."

நான் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். அப்போது எனக்கு வந்த முதல் உணர்ச்சி நிம்மதி.

பீடாதிபதி கெட்டவர் இல்லை. வேறொன்று கேட்டார். "சரி, உங்களை மன்னிச்சு எடுத்தோம்னே வையுங்க. போன வருசம் எந்தக் காரணத்துக்காகப் போனீங்களோ அது அப்படியேதானே இருக்கு? அம்மா வேலைக்குப் போக மாட்டாங்க. நீங்களும் இங்க வந்துட்டா வீடு போயிரும். மூணு மாசத்துல திரும்பவும் நிப்பாட்டிட்டுப் போனா இந்த இடம் யாருக்கும் இல்லாம வீணாகுமே?"

ரேணுகா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே அப்பியாசக் கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாள். அவர் வாங்கிப் பார்த்தார். தமிழில் இருந்தது. என்னிடம் நீட்டி, "வாசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அந்தக் கடிதம் பல்கலைக்கழகத்துக்கு எழுதியதில்லை. தோட்டத்தை நடத்தும் துரைக்கு லயத்துப் பெண்கள் எழுதியது. நான் ஒவ்வொரு வரியாக வாசித்துச் சிங்களத்தில் சொன்னேன். ரேணுகாவுக்குக் கொடுத்திருக்கும் மரம் இருநூற்றெழுபது. அந்தப் பிள்ளை படிப்பை முடிக்கப் போக வேண்டும். நாங்கள் ஒன்பது பேரும் எங்கள் மரங்களை வெட்டி முடித்ததும் ஆளுக்கு முப்பது மரம் அவளுக்காக வெட்டி, பாலை அவள் தாயின் பெயரில் கொண்டுவந்து தருகிறோம். இரண்டு வருடத்துக்குக் காம்பராவை எடுக்க வேண்டாம். அடியில் துரை ‘சம்மதம்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார்.

"முப்பது மரம் என்டா லேசா?" என்று ஒரு விரிவுரையாளர் கேட்டார். நகரத்துப் பிள்ளை, பாவம், தெரியாமல்தான் கேட்டார். பதில் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

சொன்னேன். பால்வெட்டு விடியமுன் தொடங்கும், நெற்றியில் லாம்பு கட்டிக்கொண்டு போவார்கள், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்றேன். பட்டையை வெற்றிலைத் தடிப்புக்குச் சீவ வேண்டும், கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் ஏச்சு. வெட்டிவிட்டுப் போனால் போதாது. திரும்பி வந்து சிரட்டை சிரட்டையாகப் பாலைச் சேர்த்து, அட்டைக்கடியோடு சரிவில் சுமந்து இறங்க வேண்டும். தங்கள் மரங்களை முடித்து இடுப்பு விட்டுப்போன நேரத்தில் இந்த முப்பதும் வரும். அதுவும் ஒரு நாள் இரண்டு நாளுக்கில்லை. என் அம்மா முப்பது மரம் குறைவாகக் கிடைத்த நாளில் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வருவார் என்று சொல்ல வந்தேன். அதை மட்டும் சொல்லவில்லை. சொந்தமும் இல்லாத, பட்டப்படிப்பு என்றால் என்னவென்றே தெரியாத ஒன்பது பெண்கள் இப்படி ஒரு தாளைக் கிழித்து இப்படி ஒன்றை எழுதியிருக்கிறார்கள். நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு கோயிலுக்குள் நிற்பது மாதிரி இருந்தது.

"பேர்களையும் வாசியுங்க" என்றார் டாக்டரம்மா.

செல்லம்மா. மாரியாயி. புஷ்பம். தெய்வானை. இராமாயி, கைநாட்டு. சரோஜா. கமலாதேவி. லெட்சுமி, கைநாட்டு. கடைசிப் பெயர் சிங்களத்தில் இருந்தது, சோமாவதி.

அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். துரையிடம் நேரே போய் இதுதான் கஷ்டம், இதுதான் நாங்கள் செய்யக்கூடியது, விடுவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். பேனா பிடிக்கத் தெரியாதவர்கள் பெருவிரலை மையில் முக்கித் தங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். என் சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தது.

தாளை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன்: "சேர், அந்த மெடிக்கலப் போடச் சொன்னது நான். இந்தப் பிள்ள வந்த அன்னிக்கு உண்மையத்தான் சொன்னா. எனக்கு ஒண்ணுமில்லன்னும் சொன்னா. நான்தான் இப்பிடிச் செய்யச் சொன்னேன்."

தைரியசாலி போல் சொன்னதாக நினைக்காதீர்கள். ரேணுகா அப்போதுதான் முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் சேர் சொன்னீங்க?" என்று தமிழில் கேட்டாள். எனக்காக அவளுக்குக் கவலை! அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளைகள் உங்களுக்கு வச்ச பேர் பொருத்தம்தான்" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் இருவரையும் வெளியே நிறுத்திவிட்டுப் பேசினார்கள். பழைய மெடிக்கலை ரத்துச் செய்து, உள்ளபடியே காரணத்தை எழுதிப் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார்கள். எழுத்தில் ஒரு எச்சரிக்கையோடு அவளை இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தார்கள். மூன்று மாதம் இழுக்கும் என்று நான் பயமுறுத்திய அதே வழியில் போன விண்ணப்பம் மூன்று கிழமையில் அனுமதியோடு திரும்பி வந்தது. அந்தப் படிவத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், ‘வேறு காரணம்’ என்ற பெட்டியும் அதில் எப்போதும் இருந்தது. அந்தப் பெட்டியை நம்பி ஒரு பிள்ளையைக்கூட நான் அனுப்பிப் பார்த்ததில்லை.

என்னிடம் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். கடுமையாக எச்சரித்தார்கள். பிரதம கிளார்க் பதவி இன்னொருவருக்குப் போனது. ஆறு மாதம் என்னைக் கவுண்டரிலிருந்து தூக்கிப் பழைய விடைத்தாள் அறைக்கு அனுப்பினார்கள். கரையானோடு குடித்தனம். நியாயமான தண்டனை என்றுதான் இப்போதும் சொல்வேன், அப்போது அப்படிச் சொல்லவில்லை.

ரேணுகாவின் படிப்பு லேசாகப் போகவில்லை. ஒரு வருடம் கத்தி பிடித்த கை முதல் பரீட்சையில் தடுமாறியது. ஒரு பாடம் தவறி, இரண்டாம் தடவை எழுதித்தான் தேறினாள். விடுமுறை விட்ட அன்றே தோட்டத்துக்கு ஓடுவாள், போன மறுநாள் தன் மரங்களைத் தானே வெட்டுவாளாம். "அவங்களுக்கு ஓய்வு வேணுங்க சேர்" என்பாள். மூன்றாம் வருட முடிவில் இரண்டாம் வகுப்பில் பட்டம் வந்தது.

தற்காலிகச் சான்றிதழை வாங்க அவள் வந்த நாள் நான் மறுபடி கவுண்டரில் இருந்தேன். விடியலிலிருந்து மழை; மழை நாளில் பால்வெட்டு கிடையாது. வாசல் காவலாளி எனக்குத் தொலைபேசியில், "மாத்தயா, ஒரு பிள்ளையோட பத்துப் பேர் வந்து நிக்கிறாங்க, ஒரு ஆளத்தான் உள்ள விடலாம்" என்றார். எட்டிப் பார்த்தேன். குடைகளின் கீழே, தடியூன்றிய தாயும், நல்ல சேலை கட்டிய ஒன்பது பெண்களும்.

முந்தைய நானாக இருந்தால் பின்வாசலால் கூட்டிவந்திருப்பேன். இந்தமுறை பதிவாளரிடம் நேரே போனேன். யார் வந்திருக்கிறார்கள், ஏன் வந்திருக்கிறார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் எழுந்தே விட்டார். "மழையில நிக்க விட்டுட்டா கேட்டுக்கிட்டு இருக்கீங்க? சபை அறையைத் திறந்து உட்கார வையுங்க" என்றார்.

மெத்தை வைத்த நாற்காலிகளில் நுனியில்தான் உட்கார்ந்தார்கள். சான்றிதழ் கைக்குக் கை போனது. சோமாவதி அக்கா அதில் இருந்த சிங்களத்தை எழுத்துக்கூட்டி மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினார். செல்லம்மா அக்கா மட்டும் அதைப் பார்க்காமல் ஜன்னல் வழியே கட்டிடங்களையும், நனைந்துகொண்டு ஓடிய பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏந்தம்பி, இதுதான் அந்தக் கம்பஸா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாங்க அக்கா."

"காலையில பஸ் ஏறி, தேத்தண்ணி நேரத்துக்கு வந்து எறங்கிட்டோமே! நாங்க எங்கயோ கடலுக்கு அந்தாண்ட தூரமா இருக்குதுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இம்புட்டு நாளா வெட்டுனோம்." திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "ஏன்டி புஷ்பம், ஒம் மக அடுத்த வருசம் கம்பஸுக்குப் போறதுக்கு ஏ லெவல் எழுதுறால்ல?"

"எழுதுறா அக்கா. ஆனா எனக்கும் முந்தி மாதிரி முடியல, அவளப் பேர் பதியச் சொல்லலாம்னு..."

"பதியவெல்லாம் வேணாம். ஒன் மரம் எத்தன?"

"இருநூத்தி நாப்பது."

ரேணுகாவின் தாய் தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, "எனக்கும் பத்து மரம் ஒதுக்குங்க. மேட்டுல வேணாம், ரோட்டோரமா இருக்குறத குடுங்க, நின்னு நின்னு வெட்டிருவேன்" என்றார். அங்கேயே, அந்தச் சபை அறையிலேயே, புஷ்பத்தின் மரங்களை விரல் விட்டு எண்ணிப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் தேத்தண்ணிக்குச் சொல்லப் போனேன்.